சொதிப் பந்தியில் பரிமாறியவன்

இலையில் முதலில் வைக்கவேண்டியது உப்பு. பெரும்பாலான கடைகளில் இதைக்கூட ஒழுங்காகச் செய்வதில்லை, ஐயா. சோறு, குழம்பு எல்லாம் விழுந்த பிறகு, 'அடடா, உப்பு வைக்கலியே' என்று ஓடிவந்து நடுவில் கொட்டிவிட்டுப் போவார்கள். தண்ணீர் தெளித்த இலையில், சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம், நுனியை ஒட்டி, ஒரு சிட்டிகை வைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். என் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டீர்கள். தொழில் என்ற இடத்தில் 'சாப்பாட்டுக்கடை வேலையாள்' என்று எழுதியதைப் பார்த்தேன். அதை நாம் பிறகு திருத்திக்கொள்ளலாம், அவசரம் இல்லை.

திருநெல்வேலி டவுணில் மேலரத வீதியில் காசிலிங்கம் பிள்ளை நடத்துகிற சைவச் சாப்பாட்டுக் கடையில் நான் பந்தி பரிமாறுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அங்கே சமைக்கிற கோமு ஆச்சியைத்தான் நீங்கள் நேற்றுக் கூட்டிக்கொண்டு வந்து இந்தப் போலீஸ் ஸ்டேஷன் பின்கட்டில் உட்கார வைத்திருக்கிறீர்கள். கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்ற தில்லைநாயகம் பிள்ளைக்கு ஆச்சி சொதியில் பாஷாணம் கலந்து வைத்துவிட்டதாகப் புகார். அந்தப் பந்தியில் பரிமாறியவன் நான். நடந்தது வேறு. அதைச் சொல்லத்தான் நானாகவே புறப்பட்டு வந்தேன். கோமு ஆச்சியைக் காப்பாற்ற வந்தேன் என்று முதல் வரியில் எழுதிக்கொண்டால் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும்.

நீங்கள் பாளையங்கோட்டைக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர். எங்கள் கடையில் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று வாசலில் முதலாளி பலகை மாட்டியிருக்கிறார். அது அவர் ஏற்பாடு, எனக்கு அதில் அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. நேற்று நீங்கள் பூட்ஸ் காலோடு அடுக்களை வரைக்கும் வந்துவிட்டுப் போன பிறகு, இடத்தைச் சாணம் போட்டு மெழுகச் சொன்னார். நான்தான் மெழுகினேன். அதையும் நன்றாகவே செய்தேன். இதைச் சொல்வதற்குக் காரணம், பந்தியில் உட்கார்ந்து பழகாத உங்களுக்குச் சில விஷயங்களை விளக்க வேண்டியிருக்கிறது.

பந்தியில் உட்கார்ந்தவர் தன் இலை முடிந்துவிட்டது என்று எழுந்துவிட முடியாது. வரிசையில் கடைசி ஆள் இலையை மடிக்கும் வரைக்கும் கை காயக் காய உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் எழுந்தால் பக்கத்து இலைக்காரரை அவமதித்ததாக ஆகும். கல்யாண வீட்டு வழக்கம் இது. காசு கொடுத்துச் சாப்பிடுகிற கடைக்கு இதைக் கொண்டுவந்து சேர்த்தவர் சிரஸ்தார். வக்கீல் குமாஸ்தா ஒருவன், கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஒருநாள் மோருக்கு முன்பே எழுந்தான். சிரஸ்தார் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ஏலே, உக்காரு. நாயிதான் தின்ன உடனே எந்திரிச்சுப் போவும்" என்றார்.

பையன் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அவன் வக்கீலுடைய கேஸ் தள்ளுபடியாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ஆனால் எங்கள் கடையில் அதற்கப்புறம் யாரும் நடுவில் எழுந்ததில்லை.

சிரஸ்தார் உத்தியோகத்தில் இருந்த காலத்தைவிட ஓய்வு பெற்ற பிறகுதான் அதிகாரம் கூடியவர். ரத வீதி நான்கிலும் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்கு அவர் நாக்குதான் கலெக்டர். சாப்பிட்டுக் கை கழுவி, வாசல் பெஞ்சியில் உட்கார்ந்து, வெற்றிலையின் காம்பைக் கிள்ளியபடி ஒரு வார்த்தை சொல்வார். 'ரசம் நீத்துப் போச்சு' என்று அவர் சொன்ன கடை அந்த மாதம் முழுக்க ஈ ஓட்டும். 'பரவாயில்ல' என்று சொன்ன கடைக்குச் சாத்தான்குளத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அவரிடம் இன்னொரு பெருமையும் இருந்தது. இலையில் கையை மறித்து 'போதும்' என்று அவர் சொன்னதே கிடையாது. வைத்ததை மிச்சம் விட்டதும் கிடையாது. 'போதும்னு சொல்லுதவன் சாப்பிடத் தெரியாதவன்லே' என்பார். இதை ஊரெல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டு திரிந்தது.

எங்கள் கடையைப் பற்றி அவர் சொன்னதை நான் எதிரிலேயே நின்று கேட்டேன். வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன்.

"கோமு கை அமிர்தம்லே. இந்தச் சாப்பாட்ட ஒரு நாயி பரிமாறினாலும் திங்கலாம்."

பெஞ்சியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரித்தார். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆச்சியும் சிரித்தது கேட்டது. நானும் சிரித்தேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஒரு கருத்தை ஒருவர் சொன்னால் அது சரியா தப்பா என்று பார்ப்பதுதான் முறை. அதனால் பார்த்தேன்.

ஒரு புரட்டாசியில் ஆச்சிக்குக் காய்ச்சல். முதலாளியின் மைத்துனன் கரண்டியைப் பிடித்தான். சோறு அடிபிடித்துவிட்டது, குழம்பில் புளி தூக்கல், அவியல் கூழ். அன்றைக்கு நான் பரிமாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடிபிடித்த வாசனை மேலே வராதபடி நெய்யைச் சூடாக விட்டேன். குழம்பு விழுந்த கையோடு அப்பளத்தை வைத்தேன், புளிப்பு நாக்கில் ஏறுவதற்குள் நொறுங்கட்டும் என்று. ஒவ்வொருவரிடமும் அவரவர் மகள் பிரசவம், மருமகன் உத்தியோகம் என்று ஒரு வார்த்தை விசாரித்தேன். பந்தி எழுந்து ஏப்பம் விட்டது. 'என்ன இருந்தாலும் கோமு கை கோமு கைதான்' என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஆச்சி அந்த நேரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வீட்டில் கிடந்தார்.

சரி, அடுத்ததாக மாற்றிப் பார்த்தேன். ஆச்சி மனம் வைத்துச் சமைத்த ஒரு நாள். எதையும் நான் கெடுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு மூச்சு தள்ளி வைத்தேன், அவ்வளவுதான். ரசம் வந்தபோது சோறு ஆறியிருந்தது. பொரியல் வந்தபோது குழம்பு முடிந்திருந்தது. முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டு நகர்ந்தேன். ஒருவர் முகத்திலும் களையில்லை. சண்டை போடவும் அவர்களுக்குக் காரணம் அகப்படவில்லை. 'என்னமோ மழவாடை, நாக்கு மரத்துப் போச்சு' என்று வானத்தைக் குறை சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல பேர்தான் கிடைக்காது என்று பார்த்தால் கெட்ட பேரும் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை நான் ஒளிக்கப் போவதில்லை.

மனிதனுக்கு வயிறு நிறைந்துவிட்டது என்பதை வயிறு சொல்லும் என்று நினைக்கிறோம். சொல்லாது. இலைதான் சொல்லும். இலை காலியானால்தான் அவனுக்குப் 'போதும்' என்ற நினைப்பே வருகிறது. காலியாகவே விடாமல், முடிகிற தறுவாயில் ஒரு கை, பிறகு அரைக் கை என்று வைத்துக்கொண்டே வந்தால் சாப்பிட்டுக்கொண்டே இருப்பான். எனக்கு இது தெரிந்தது ஒரு செட்டியாரை வைத்து. சாத்தான்குளத்தில் ஜவுளி வியாபாரம் செய்கிறவர், கொள்முதலுக்கு வெள்ளிக்கிழமைகளில் டவுணுக்கு வருவார். வாயில் இரண்டே பல், ஆகவே சாப்பாடு மிகவும் நிதானம். வேண்டாம் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் மனம் நொந்துபோகும் என்று பயப்படுகிற நல்ல மனிதர். அவர் எவ்வளவு சாப்பிடுவார் என்று பார்க்க ஆசைப்பட்டேன். அன்றைக்குச் சத்திரத்தில் போய்ப் படுத்தவர் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அடுத்த வாரமே வந்து அதே இடத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு ஆச்சி சமையல்ல கொஞ்சம் கூடப் போயிருச்சு" என்று அசடு வழியச் சிரித்தார். அவரும் ஆச்சியைத்தான் நினைத்துக்கொண்டார் பாருங்கள்.

தை மாதம் முழுக்கச் சிரஸ்தார் கடைப் பக்கம் வரவில்லை. உடம்பு சுகமில்லை என்றார்கள், மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். வெள்ளிக்கிழமைதான் எங்கள் கடையில் சொதி. தேங்காயை அரைத்து மூன்று பால் எடுத்து, பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, இறக்கும்போது முதல் பாலை விடுவது. எங்களவர்கள் வீட்டில் மறுவீட்டுக்கு வருகிற மாப்பிள்ளைக்குச் செய்கிற பண்டம். மிகவும் கனமானது. அதனால்தான் செரிப்பதற்குக் கூடவே இஞ்சிப் பச்சடி வைப்பது.

ஆள் பாதியாகியிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. பின்கட்டில் கை கழுவுகிற தொட்டியடியில் நின்றுகொண்டு என்னைக் கண்ணால் கூப்பிட்டார்.

"உம்ம பேரு என்னவே?"

சொன்னேன்.

"சிவசைலம், இங்கன பைய வாரும். யாருட்டயும் சொல்லப்பிடாது. எங்க வீட்டுலயே தெரியாது. பாளையங்கோட்டையில வெள்ளைக்கார டாக்டர்ட்ட போயிக் காட்டுனேன். வயித்துல புண்ணாம். முட்டத் தின்னா பொத்துக்கிடும், அதோட கத முடிஞ்சுதுங்கான். கஞ்சிதான் குடிக்கணுமாம்."

"அப்ப நீங்க இன்னைக்கு வந்திருக்கப்பிடாதே ஐயா."

"வராம இருக்க முடியுமாவே? ஒரு மாசமா எங்கே எங்கேன்னு ஊரே கேக்குது. தில்லைநாயகம் எலையில கைய மறிச்சிட்டான்னு ஒரு பேரு வந்தா அப்புறம் நான் எதுக்கு? நீரு எல்லாத்தையும் பேருக்கு வையும். அதுக்கும் மேல போச்சுன்னா, நான் தண்ணிச் செம்பத் தொடுதேன். தொட்டா நிறுத்திக்கிடும். நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

என் தோளில் கை வைத்துவிட்டு உள்ளே போனார். அத்தனை வருஷத்தில் 'லே' போடாமல் என்னிடம் அவர் மரியாதையாக 'வே' போட்டுப் பேசியது அன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஐயா. பொய் சொல்லவில்லை. தன் உயிரைச் சமையல்காரியிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. பேருக்குத்தான் வைப்பது என்ற எண்ணத்தோடுதான் நான் இலைக்கட்டைத் தூக்கினேன்.

பந்தி நிறைந்திருந்தது. முதல் இலையில் சிரஸ்தார். கடைசி இலையில், வழக்கம்போல, செட்டியார். சிரஸ்தாரைக் கண்டதும் எல்லோருக்கும் குஷி. 'என்ன அண்ணாச்சி, எளச்சிட்டியளே' என்று எவரோ கேட்டார். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"கோமு சொதியக் காணாம எளச்சேன்லே. இன்னைக்குப் பாருங்க. பரிமாறுதது நாயா இருந்தாலும் விடமாட்டேன்."

பந்தி முழுக்கச் சிரித்தது. அவர் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். நம் ரகசியம் வெளியே தெரியாமல் இருக்கத்தான் இப்படிச் சொல்கிறேன், தப்பாக நினைத்துக்கொள்ளாதே என்று அதற்கு அர்த்தம். எனக்குப் புரிந்தது. நான் தப்பாக நினைத்துக்கொள்ளவில்லை. உப்பை அதற்குரிய இடத்தில் வைத்தேன்.

அன்று நான் பரிமாறியது போல இதுவரை பரிமாறியதில்லை. அவருக்கு வைத்த சோறு ஒருமுறைகூட மலையாகத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான், ஆனால் இலை காலியாகவில்லை. சொதியை நடுவில் குழி பறித்து விட்டேன், பால் ஓடிவிடாதபடி. மற்ற எல்லோருக்கும் இஞ்சிப் பச்சடி வைத்தேன். அவர் இலைக்கு மட்டும் அதைக் கொண்டுபோகவில்லை. இரண்டாவது சொதிக்கு அவர் இடது கை நகர்ந்து செம்பைத் தொட்டது.

நான் கூஜாவைக் கொண்டுவந்து செம்பில் தண்ணீர் ஊற்றினேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். இன்னொரு தடவை தொட்டார், இந்தத் தடவை விரலால் தட்டினார். நான் குனிந்து, "இன்னுங் கொஞ்சம் சொதி விடுதேன் ஐயா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். எதிர் வரிசையில் இருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் இலையையும் அவர்கள் முகத்தையும் பார்த்தார். பிறகு பிசைந்தார்.

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்றெழுத்து. நான் அவர் வாயைப் பொத்தவில்லை, கையைப் பிடிக்கவில்லை. அவருக்கு எழுந்து போகிற சுதந்திரமும் இருந்தது, செட்டியார் முடித்திருந்தால். செட்டியார்தான் முடிக்கவில்லை. அவர் இலையை மடிக்கக் கையைக் கொண்டுபோகிற நேரம் பார்த்து ஒரு கரண்டி பாயசம் வைத்தேன். அது முடிகிற நேரம் பார்த்து மோருக்கு ஒரு பிடி சோறு. பாவம், அவர் இரண்டு பல்லையும் வைத்துக்கொண்டு மென்றுகொண்டே இருந்தார். முதல் இலைக்கும் கடைசி இலைக்கும் நடுவில் நான் போய் வந்துகொண்டிருந்தேன். சிரஸ்தாரின் இடது கை செம்பை விட்டு எடுபடவே இல்லை. நானும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். செம்பு நிரம்பி வழிந்து அவர் உட்கார்ந்திருந்த ஓலைத் தடுக்கு நனைந்தது. அதற்காக மன்னிப்புக் கேட்டேன்.

கடைசியில் செட்டியார் இலையை மடித்தார். சிரஸ்தார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் இலை, எப்போதும்போல, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

வாசல் பெஞ்சியில் உட்கார்ந்தார். வெற்றிலையைக் கையில் எடுத்தார், காம்பைக் கிள்ளவில்லை. எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டோடு நின்றேன். இன்றைக்காவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எதைச் சொன்னாலும் சரி என்றுதான் நின்றேன். 'இந்தப் பாவி வச்சே கொன்னுட்டான்' என்று சொல்லியிருந்தாலும் எனக்குப் போதும்.

"சொதி அமிர்தம்லே. கோமு கைக்கு ஈடு கெடையாது" என்றார்.

மறுநாள் உச்சிக்குள் போய்விட்டார். ராத்திரியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு 'செம்பு, செம்பு' என்று முனகியதாக மகன் சொல்கிறார். அவரும் தகப்பனார் கேட்கிறாரே என்று விடியும் மட்டும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அன்று மாலையே தாமிரபரணிக் கரையில் தகனம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் கீழரத வீதிச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர், பாஷாணம் உள்ளே போனால் தாகம் அடங்காதே என்று துக்கம் கேட்கப் போன இடத்தில் சந்தேகத்தைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். பந்தியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் உங்களிடம் சத்தியம் செய்கிறார்கள், சொதி விழுந்ததிலிருந்து அவர் செம்பை விட்டுக் கையை எடுக்கவில்லை என்று. போன வருஷம் மணியாச்சி ரயிலடியில் கலெக்டர் துரையைச் சுட்ட காரியத்துக்குப் பிறகு, சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர் யார் செத்தாலும் நீங்கள் சதியைத் தேட வேண்டியிருக்கிறது, அதுவும் எனக்குப் புரிகிறது. ஆச்சியின் தகரப் பெட்டியைக் கவிழ்த்தீர்கள். சுக்கும் விபூதிப் பையும்தான் விழுந்தன. இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு வந்தீர்கள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். உள்ளபடி சொன்னால், இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று மாலை எண்ணெய் வாங்க ரத வீதியில் போனபோது கோயில் வாசலில் பத்துப் பேர் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வெஷம்னு தெரிஞ்சும் விடாம தின்னிருக்காரு பாத்துக்கிடுங்க. அப்ப அந்தச் சொதி எப்பிடி இருந்திருக்கணும்."

"உயிரக் குடுத்துச் சாப்பிட்ட சாப்பாடுவே. கோமு கைன்னா சும்மாவா."

ஒருவர் அந்தப் பந்தியில் தானும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டார். அவர் இல்லை, நான் பார்த்திருப்பேனே. இன்னொருவர், ஆச்சி விடுதலையாகி வந்தால் அதே சொதி கிடைக்குமா என்று கேட்டார். எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நான் நடுவில்தான் நின்றேன். ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பரிமாறியது யார் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை. கொன்ற பேரும் அடுக்களைக்கே போய்விட்டது, ஐயா. எதற்கும் ஒரு நியாயம் வேண்டாமா?

இங்கே வந்து நான் சொல்ல ஆரம்பித்ததும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பரிமாறுத கையால ஒரு ஆளு சாவானாவே? கோமு கூட என்ன சண்டை உமக்கு? போய் வேலையப் பாரும்" என்று சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அவரே பிறகு சொன்னார். எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அளவு யார் கையிலிருக்கிற கரண்டியில் இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ஆச்சி ஒரு அண்டா சொதி வைத்தார். அதை முப்பது பேர் சாப்பிட்டார்கள். இருபத்தொன்பது பேர் ஏப்பம் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். பாளையங்கோட்டை டாக்டரைத்தான் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்ப்பீர்களே, தில்லைநாயகம் என்று ஒருவர் வயிற்றைக் காட்ட வந்தாரா, என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். வீட்டுக்கே தெரியாத அந்தச் சங்கதி எனக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். செட்டியார் வெள்ளிக்கிழமை வருவார். அன்றைக்கு எத்தனை தரம் பாயசம் வந்தது என்று அவரைக் கேளுங்கள். போதாக்குறைக்கு அந்தத் தடுக்கு தண்ணீர்க் கறையோடு இன்னும் கொடியில் கிடக்கிறது.

இப்போது நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். ஏட்டும் சிரிக்கவில்லை. பரவாயில்லை, நிதானமாக எழுதுங்கள். ஆச்சியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அவருக்கு இதில் ஒரு சம்பந்தமும் கிடையாது. நல்ல சமையல்காரி, அதில் எனக்கு மறுப்பில்லை. தொழில் என்ற இடத்தில் 'வேலையாள்' என்பதை அடித்துவிட்டு 'பந்தி பரிமாறுபவர்' என்று எழுதுங்கள். பெரிய கோர்ட்டில் உரக்க வாசிப்பார்கள் என்று சொன்னார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரஸ்தார் புறப்பட்டபோது மற்றவர்கள் சொதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கைத்தடியை எடுத்துக் கொடுத்தேன். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏன்வே, சிவசைலம்?" என்றார்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ஒருவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு என்றால் அது ஒன்றுதான். கோமு ஆச்சிக்கு அதில் பங்கில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் குனிந்து அவர் செருப்பைத் திருப்பி நேராக வைத்தேன். படி இறங்கும் வரைக்கும் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவதும் பரிமாறுவதில் சேர்ந்ததுதான், ஐயா.